பரவையில் அப்பா ஃபேமஸ்

மதுரையில் ஃபேமஸ் ஆகாத சாமான் ஒன்றை யாராவது எனக்குக் காட்டினால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவேன். மற்றதெல்லாம் எனக்குச் சந்தேகம்தான். ஜிகர்தண்டா ஃபேமஸ் என்றால், பக்கத்துக் கடை அதைவிட ஒரிஜினல் ஃபேமஸ். எதிர்க்கடை, வேறெங்கும் கிளைகள் இல்லாத ஃபேமஸ். நேற்றுப் பால் காய்ச்சிய டீக்கடையிலும் அதே போர்டுதான். யாருக்குத் தெரிந்து ஃபேமஸ் ஆனீர்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எங்கள் அவனியாபுரத்தில் பொங்கலுக்கு வாடிவாசலைத் தாண்டும் மாடாவது நாலு பேரைத் தள்ளிவிட்டுத்தான் அந்தப் பேரை வாங்குகிறது.

அந்த வார்த்தை மனுஷர்மேல் வந்து விழுந்தால் கதையே வேறு. நான் ஆறாவது படித்தபோது எங்கள் தெருவில் ஃபேமஸ் என்று சொல்லப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர், சீட்டுப் பிடித்துவிட்டுக் குடும்பத்தோடு காணாமல் போனவர். இன்னொருவர், கல்யாணத்துக்கு முதல் வாரம் மெக்கானிக்கோடு போய்விட்ட டைலர் வீட்டு அக்கா. ஆம்பளை ஃபேமஸ் ஆனால் வீட்டுக்கு ஆகாது என்பது அம்மாவின் தீர்ப்பு.

அப்படிப்பட்ட அம்மாவிடம் வந்துதான் பக்கத்து வீட்டு வெங்காய வேன் அண்ணன், "பரவை மார்க்கெட்ல நம்ம அண்ணே பயங்கர ஃபேமஸ்க்கா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எதுக்கு ஃபேமஸ் என்று அம்மா கேட்டாள். அதை அவரையே கேளுங்கள் என்று வேனில் ஏறிவிட்டார். அவர் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் அம்மாவைத் தின்றது.

யோசித்துப் பார்த்தால் சந்தேகப்பட நிறையவே இருந்தது. அப்பா பகலெல்லாம் ஷேர் ஆட்டோ ஓட்டுவார். அதற்கு முன்னால், விடியுமுன் எழுந்து காய் வாங்கப் பரவைக்குப் போவார். காய் வாங்க எதற்கு ஊரையே தாண்டி அந்தக் கோடிக்குப் போக வேண்டும்? சரி, விலை சல்லிசு என்றே வைத்துக்கொள்வோம். வாங்கி வருவது என்ன? ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கட்டுக் கீரை, ஒற்றை பீட்ரூட். மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் மார்க்கெட்டில் எந்த மனுஷன் ஒற்றை பீட்ரூட் வாங்குவான்? அதுவும் சோப்புப் போட்டுக் குளித்து, திருநீறு பூசி, ஆட்டோ ஓட்டுகிற காக்கியை விட்டுவிட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு? ஒருநாள் கொஞ்சம் மல்லிகைப்பூவும் வந்தது. அம்மா அதைத் தலையில் வைக்கவில்லை. எவ வச்சது போக மிச்சமோ என்று சாமி படத்துக்கும் போடாமல் ஜன்னலிலேயே வாட விட்டாள்.

இது போதாதென்று வீட்டில் இன்னொரு சண்டையும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கல்யாணமான வருஷம் ஒரு செருப்புக்கடை போட்டு, அடுத்த வருஷமே மூடிவிட்டார். அது யாருடைய ராசி என்பதுதான் விவகாரம். என் தம்பி தொட்டது துலங்கும், இவள் வந்து கால் வைத்தாள், கடை போச்சு என்பார் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. கால் சரியாகத்தான் இருக்கிறது, ஒங்க தம்பி கைதான் விளங்காத கை என்பாள் அம்மா. அப்பா இரண்டு பேர் பேசுவதையும் கேட்டுக்கொண்டு சாப்பிடுவார். இப்போது சித்தப்பா மெயின் ரோட்டில் வளையல், பொட்டு விற்கிற ஃபேன்சி கடை திறக்கப் போகிறார். போர்டில் முதல் வார்த்தையே 'ஃபேமஸ்'. திறக்காத கடை எப்படி ஃபேமஸ் ஆகும் என்று நான் கேட்டதற்கு வாயில் போட்டார்கள். மூத்த மருமகள் என்ற முறையில் அம்மாதான் விளக்கேற்ற வேண்டும். அந்த ராசிகெட்ட கையால் ஏற்றக் கூடாது என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றார். அம்மாவுக்கு அந்த விளக்கு ஒரு விளக்கு இல்லை. அத்தனை வருஷம் வாங்கிய பேச்சுக்கு அதுதான் பதில். விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அம்மா என்னைத் தயார் செய்தாள். மார்க்கெட் பார்க்க வேண்டுமென்று அழுது அப்பாவோடு தொற்றிக்கொள்ள வேண்டும். போய் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் தலைவாரிக்கொண்டே சொன்னாள்.

"பொம்பளைக யாரு பேசுனாலும் கவனி. அண்ணேன்னு கூப்புட்டா வுட்ரு. பேரு சொல்லிக் கூப்புட்டா வந்து சொல்லு. ஒண்ணுமே சொல்லாம, 'இங்க பாருங்க'ன்னு மட்டும் கூப்புட்டா அவ மூஞ்சிய நல்லாப் பாத்துக்க."

அம்மா அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள்.

பரவையில் நாங்கள் இறங்கியபோது லாரிகளில் இருந்து தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலை ஒட்டி வரிசையாகச் சின்ன வியாபாரிகள் சாக்கு விரித்துக் காயைக் குவித்து வைத்திருந்தார்கள். ஆனால் யாரும் விற்கவில்லை. கேட்டு வந்தவர்களைக்கூட, "செத்த இருங்க" என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். எனக்கு அதுவே சரியாகப் படவில்லை. முதல் சாக்கில் ஒரு கீரைக்கார அம்மா, மூக்குத்தி மின்ன, அப்பாவைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டாள். என்ன சொல்லிக் கூப்பிடுவாளோ என்று அவள் வாயையே பார்த்தேன்.

"என்னண்ணே இம்புட்டு லேட்டு? இன்னும் போணியே பண்ணாம உக்காந்துருக்கேன்."

அண்ணே என்றதும் எனக்கு உயிர் வந்தது. அப்பா ஒரு கட்டுக் கீரை எடுத்துக்கொண்டு காசை நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, கீரைக் கட்டுகளைச் சுற்றிக் காட்டிவிட்டுச் சுருக்குப் பையில் போட்டாள். அதற்கப்புறம்தான் காத்திருந்தவர்களுக்கு விற்க ஆரம்பித்தாள். அடுத்து எலுமிச்சம்பழம், அடுத்து பீட்ரூட், அப்புறம் பூக்கடை. எல்லோரும் அப்பா கைக்குத்தான் காத்திருந்தார்கள். ஒருத்தர் ஓடிவந்து அவருக்கு ஸ்டூல் போட்டார். வீட்டில் அவர் வந்தால் யாரும் நகர்ந்துகூட உட்கார மாட்டோம். எலுமிச்சம்பழக்காரர் என் கன்னத்தைக் கிள்ளி, "ஒங்கப்பா இங்க எம்புட்டு ஃபேமஸ் தெரியுமா பாப்பா? அண்ணே கையால போணி ஆச்சுன்னா, மதியத்துக்குள்ள சாக்க ஒதறிட்டுப் போயிருவோம்" என்றார். அப்பா வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தார். அவருக்கு வெட்கப்படத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது அப்பா வண்டியை ஓரங்கட்டி எனக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும், "இதையெல்லாம் வீட்ல சொல்லிக்கிட்டு இருக்காத பாப்பா" என்றார். மார்க்கெட்டிலேயே எனக்கு அவர்மேல் இருந்த சந்தேகமெல்லாம் போயிருந்தது. அந்த ஒரு பேச்சில் எல்லாம் திரும்பி வந்தது. நல்ல பேரை எதற்கு ஒளிக்க வேண்டும்? ஒளிப்பது என்றால் வேறு ஏதோ இருக்கிறது. பருத்திப்பாலே லஞ்சம்தான் என்று முடிவு கட்டினேன்.

வீட்டுக்கு வந்தால், அத்தை நடுக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அம்மாதான் ஆள்விட்டு வரச் சொல்லியிருக்கிறாள். கையும் களவுமாகப் பிடிக்கும்போது சாட்சி வேண்டுமே. "மதினி, ஒங்க தம்பி எதுக்கு ஃபேமஸ்ன்னு புள்ள வாயாலயே கேளுங்க" என்றாள்.

நான் மூச்சுவிடாமல் சொன்னேன். கீரை, எலுமிச்சம்பழம், ஸ்டூல், கண்ணில் ஒற்றிய காசு, கைராசி, எதையும் விடவில்லை. கேட்கக் கேட்க அம்மாவின் முகம் தெளிந்தது. சிரிக்கக்கூடச் செய்தாள். அட, இம்புட்டுத்தானா என்று ஜன்னலில் வாடிக் கிடந்த பூவை ஒரு பார்வை பார்த்தாள். அத்தை காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப என் தம்பி கையி ராசியான கையின்னு ஊரே சொல்லுது. அந்தக் கையி வச்ச கடை எவ ராசியில மூடுச்சு? இப்பச் சொல்லு, இதுக்கு மேலயும் நீ வெளக்கேத்தப் போறியா?"

அம்மாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். நல்ல செய்தி சொல்லியும் எதற்கு இப்படி நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா உள்ளே வந்தார்.

"எல்லாம் சும்மாக்கா. வெளையாட்டுக்குப் பண்றாய்ங்க. பேரம் பேசாத இளிச்சவாயன்னு என்னையக் கூப்புட்டு முதல் யாவாரத்த முடிச்சுக்கிறாய்ங்க. என் கை எப்பவும் வெளங்காத கைதான். தம்பி கடை தெறக்குற அன்னைக்கு நான் வாசப்படி மிதிக்கல. அவ வெளக்கேத்தட்டும்."

அப்பா பொய் சொல்றாரு என்று நான் கத்தினேன். ஸ்டூல் போட்டது பொய்யா, காசைக் கண்ணில் ஒற்றியது பொய்யா என்று அழுதேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. அத்தை என்னையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, என்னமோ பண்ணுங்க என்று எழுந்து போனார். மறுநாளிலிருந்து அப்பா பரவைக்குப் போகவில்லை. பொய் வெளுத்துவிட்டது, போக முகமில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கடை திறந்த அன்று அம்மா பட்டுச்சேலை கட்டி விளக்கேற்றினாள். அத்தையும் வந்து நின்றார். முதல் வியாபாரத்துக்கு நல்ல கையாக யார் இருக்கிறார்கள் என்று சித்தப்பா கூட்டத்தில் தேடினார். கடைசியில் பக்கத்து மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டு ஒரு சீப்பை விற்றார். அப்பா எதிர்ச்சாரி டீக்கடையில், அம்மா தேய்த்துக் கொடுத்த அந்த வெள்ளைச் சட்டையோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார்.

அம்மா தட்டிலிருந்து லட்டு எடுத்து எனக்கு ஒன்று கொடுத்தாள். இன்னும் இரண்டை எடுத்து, அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடு, நீயே பக்கத்தில் நின்று சாப்பிட வை என்றாள். அவள் கண் ரோட்டைத் தாண்டியே இருந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"உண்மையச் சொன்ன எனக்கு ஒண்ணு, பொய் சொன்னவருக்கு ரெண்டாம்மா?" என்று கேட்டேன்.