மூணு சொன்னால் சாய்கிறவர்

ஊரில் அவரை எல்லாரும் பேஷண்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. தண்ணீர் லாரி ஓட்டிக் காய்த்துப்போன கை, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற தோள், தலைவலி என்று ஒருநாள் படுத்தவரில்லை. ஒருமுறை பஸ்ஸில் யாரோ பின்னாலிருந்து "பேஷண்ட் அண்ணே" என்று கூப்பிட, முன்சீட்டில் இருந்த கர்ப்பிணிப் பெண் பதறி எழுந்து அவருக்கு இடம் கொடுத்துவிட்டாள். அவளை மறுபடி உட்கார வைப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்தப் பெயர் வந்தது சமுதாயக் கல்லூரியில். கல்லூரி என்றதும் மரங்களையும் மணிக்கூண்டையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மூடிப்போன பிஸ்கட் கம்பெனியின் கிடங்கு அது. மழை பெய்தால் சுவரில் இன்னும் லேசாக வெண்ணெய் வாசனை அடிக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற மேட்ரன் அம்மா, நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காத வீடுகள் ஒரு பக்கம், வேலை தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒரு பக்கம் என்று பார்த்துப் பார்த்துச் சலித்து, நடுவில் ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து மாட்டினார். கல்லூரி தொடங்கிய கதை அவ்வளவுதான். முதலில் வீட்டில் நோயாளிகளைப் பராமரிக்கும் படிப்பு. அப்புறம் வயரிங், குழாய் வேலை, கணக்கு எழுதுவது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வாசல் சுவரில் பெயிண்டரை வைத்து ஒரே ஒரு வரி எழுதச் சொன்னார்: 'இங்கே வயது, மார்க், காரணம் கேட்கப்படாது.' பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள், கல்யாணத்துக்காக விட்டவர்கள், ஜெயிலுக்குப் போய்வந்த ஒருவர் என்று எல்லாரும் அந்த வரியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் காவலாளி படித்துச் சொன்னார்.

லாரி கம்பெனி கைமாறி வேலை போனபோது பேஷண்ட் அங்கே வயரிங் படிக்கத்தான் வந்தார். அந்தச் சமயம் பராமரிப்பு வகுப்புக்குப் பயிற்சிப் பொம்மை ஒன்று தருவதாக ஒரு புண்ணியவான் சொல்லியிருந்தார். வந்து இறங்கியது துணிக்கடைப் பொம்மை. ஒரு கை இடுப்பில், ஒரு கால் முன்னால், முகத்தில் நிரந்தரச் சிரிப்பு. கட்டிலில் கிடத்தினால் பாதி உடம்பு அந்தரத்தில் நின்றது. மேட்ரன் அம்மா பக்கத்து வகுப்புக்குப் போய், சும்மா படுத்திருக்க யாருக்குத் தெரியும் என்று கேட்டார். சற்று முன்புதான் சுவிட்ச் பெட்டியில் ஷாக் வாங்கியிருந்தவர், எல்லாரையும் முந்திக்கொண்டு கையைத் தூக்கினார். அப்புறம் வயரிங் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

படுப்பதில் இவ்வளவு வேலை இருக்கிறது என்று அவருக்கே அப்போது தெரியாது. இடதுபக்கம் விழுந்துபோனவராக, கழுத்து நிற்காதவராக, குளிக்க மாட்டேன் என்று மல்லுக்கு நிற்கும் கிழவராக, மகளை அடையாளம் தெரியாத தகப்பனாக, கேட்டபடியெல்லாம் படுத்தார். வகுப்பு முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து தீர்ப்பு சொல்வார். உன் கை ஐஸ் மாதிரி இருக்கு, தேய்ச்சுட்டு வா என்பார் ஒருத்தியிடம். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்காதே, தோள்மூட்டு கழண்டுவிடும் என்பார் இன்னொருவரிடம். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும், ஒண்ணு ரெண்டு மூணு எண்ணித்தான் எழுப்ப வேண்டும் என்பது அந்தக் கல்லூரியில் சட்டம் மாதிரி. 'மூணு' என்றதும் நோயாளி முன்னால் சாய்ந்து தன் எடையைத் தாங்குகிறவரிடம் கொடுக்க வேண்டும். அதைப் பல வருஷம் பல பேரிடம் செய்து, யார் எங்கே 'மூணு' என்றாலும் உடம்பு தானாகச் சாய்கிற நிலைமைக்கு வந்திருந்தார். அது அவருக்குத் தெரியாமல் இருந்ததுதான் பிறகு வந்த வினை.

அவர் மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடைகள் தைப்பவள். கைக்கும் வாய்க்கும் ஒரே வேகம். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். வேறொரு நகரத்தில் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் மகள் லீவு போட்டு ஓடிவந்தாள். அம்மாவை எழுப்பி உட்காரவைக்க, கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும், அதனால் லீவு முடிந்ததும் தன்னோடு அழைத்துப் போவதாகச் சொன்னாள். அவள் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆளும் வைத்துக்கொள்ளலாம். தையல் மிஷினையும் வாடிக்கைக்காரர்களையும் விட்டுப் போனால் எலும்பு கூடுவதற்குள் கடை கலைந்துவிடும் என்று தையல்காரிக்குத் தெரியும். கணவன் முகத்தைப் பார்த்தாள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, காலேஜில் இத்தனை வருஷம் சும்மாவா இருந்தேன், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

சும்மாதான் இருந்தார் என்பது அவள் வீட்டுக்கு வந்த முதல் நாளே வெட்டவெளிச்சமாகிவிட்டது.

முறையெல்லாம் சரியாகத்தான் செய்தார். கையைத் தேய்த்துச் சூடாக்கினார். என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னார். பிடித்துத் தூக்குவதற்கான பட்டையை அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணி, 'மூணு' என்று வாயால் சொன்னதும் உடம்பு பழக்கதோஷத்தில் சொக்கி, முழு எடையோடு அவள்மேல் சாய்ந்தது. நல்லவேளை, அவள் கட்டில் விளிம்பை விட்டு எழவே இல்லை. தலையணை தாங்கிக்கொண்டது. மகள் ஓடிவந்து அப்பாவைத் தூக்கினாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்களுக்கு நான் பேஷண்டா, எனக்கு நீங்க பேஷண்டா?" என்றாள் தையல்காரி.

மகள் அம்மாவின் துணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை அவர் கல்லூரிக்குப் போனார். கட்டில் பக்கம் போகாமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பாடம் எடுப்பவள் ஒருகாலத்தில் அவரைப் புரட்டிப்போட்டுப் பழகியவள்தான். சுருட்டை முடி என்பதால் சுருள் டீச்சர் என்று பெயர். அவளிடம் போய் எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்ல அவருக்கு நாக்குக் கூசியது. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தச் சுவரில் எழுதியபடி அவள் காரணம் கேட்கவில்லை. வகுப்பில் ஒருத்தி மட்டும், அண்ணன் படுக்காவிட்டால் யார் படுப்பது என்று கேட்டாள். வயரிங் வாத்தியார் வந்து படுத்தார். மகா மோசமான நோயாளி. தூக்குவதற்கு முன்பே தானாக எழுந்து உட்கார்ந்துவிடுவார், செருப்பையும் தேடுவார்.

டீச்சர் எண்ணச் சொன்னாள். பேஷண்ட் எண்ணினார். 'மூணு'க்கு இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நெற்றியில் முட்டிக்கொண்டார்கள். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அவரைத் தனியாக அழைத்துக் காலை அகட்டி வைத்து, முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கி நிற்கக் கற்றுக்கொடுத்தாள். நிற்பது வந்துவிட்டது. சாய்வது போகவில்லை. மகளின் லீவோ கரைந்துகொண்டிருந்தது.

வீட்டில் தினமும் பயிற்சி நடந்தது. மகள் அப்பாவைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, அவர் முன்னால் நின்று எண்ண, ஒவ்வொரு 'மூணு'க்கும் தையல்காரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். ஒருநாள் அவளுக்குப் பொறுமை போயிற்று.

"நீங்க எண்ணவே வேணாம். நான் எந்திரிக்கறப்ப 'வரேன்'னு சொல்றேன். நீங்க நின்னா போதும்."

'வரேன்' என்ற சொல்லுக்கு அவர் உடம்பில் எந்தப் பாடமும் ஏறியிருக்கவில்லை. அவள் சொன்னாள், அவர் நின்றார். அவள் எழுந்து, வாக்கரைப் பிடித்து, வலிக்காத காலில் எடையை வைத்துத் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகுதான் மூவரும் மூச்சுவிட்டார்கள்.

கல்லூரியில் அதைச் சொன்னபோது சுருள் டீச்சருக்கு முழு சம்மதமில்லை. பேச முடியாத நோயாளியானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

"அது வர்றப்ப பாத்துக்கலாம் டீச்சர். என் வீட்டு பேஷண்ட் இதுவரைக்கும் வாயை மூடினதில்ல."

அதற்காக அவரை அவள் விட்டுவிடவில்லை. எண்ணித் தூக்கவும் கற்றுக்கொண்டே தீர வேண்டும், இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டாள். அது நியாயம்தான்.

லீவின் கடைசி நாள் மகள் கதவில் சாய்ந்து நின்று, அப்பாவை எல்லாம் செய்துகாட்டச் சொன்னாள். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிப்பறை, திரும்பவும் கட்டில். ஈரத்தரையைத் துடைத்தாரா என்று குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். முழங்காலுக்கு நடுவே தலையணை வைக்க மறந்ததைப் பிடித்தாள். அவர் மறுபேச்சில்லாமல் வைத்தார். கடைசியில் அம்மாவிடம் என்ன சொல்றீங்க என்றாள்.

"நீ கெளம்பு. என்னைத் தூக்கி இவருக்கு முதுகு பிடிச்சுக்கிட்டா போன் பண்றேன். அப்ப வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போ."

மகள் பெட்டியிலிருந்து அம்மாவின் துணிகளை எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள். பழைய இடத்தில் அடுக்காமல், நாற்காலியில் இருந்தபடி கைக்கு எட்டுகிற தட்டில் அடுக்கினாள்.

வண்டி வந்து அவள் ஏறிப்போன பிறகு, தையல்காரி தன்னை மிஷினுக்கு முன்னால் கொண்டுபோய் விடச் சொன்னாள். காலால் மிதிக்க டாக்டர் இன்னும் சொல்லவில்லை என்றார் அவர். பட்டன் மட்டும் தைக்கிறேன், அதற்குக் கால் எதற்கு என்று அவள் கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்தார். ஊசி, நூல், பட்டன் டப்பா மூன்றையும் எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார்.