சண்முகவேலின் செவ்வாய்க்கிழமைகள்

செவ்வாய்க்கிழமை யாரும் தலையில் கத்திரி பட விடமாட்டார்கள். அதனால் அருப்புக்கோட்டையில் சலூன்களுக்கு அன்றைக்குத்தான் விடுமுறை. ஊரே வேலை பார்த்துக்கொண்டிருக்கும் நாளில் தான் மட்டும் சும்மா இருப்பது சண்முகவேலுக்குக் கடைசிவரை பழகவில்லை. காலையில் கத்திரிகளைத் துடைத்து, முடி வெட்டும் மிஷினுக்கு எண்ணெய் விடுவார். அது சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு மத்தியான ஆட்டம் சினிமா, அது பார்த்த படமாக இருந்தால் தூக்கம். எழுந்திருக்கும்போது தலை கனக்கும். மனைவி முருகேஸ்வரி காலையில் உட்கார்ந்த இடத்திலேயே தறிக்காரர்களுக்காக நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

1967-இல் அவருக்கு முப்பத்து நான்கு வயது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பஜாருக்குப் போகும் வழியில் கடை. இரண்டு சுழல் நாற்காலி, எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி. கட்டடம் பருத்தி வியாபாரி காசிராஜனுடையது. வியாபாரிகளும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் சண்முகவேலிடம்தான் கிராப்பு வைத்துக்கொண்டார்கள். கை சுத்தம், பேச்சு குறைவு என்று அவருக்கு நல்ல பெயர்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞன் கடைக்குள் வந்து, தன் முறை வரும்வரை பெஞ்சில் காத்திருந்து, நாற்காலியில் உட்கார்ந்தான். திங்கட்கிழமை நரிக்குடியில் ஓர் ஆபீசில் பியூன் வேலையில் சேரப் போவதாகவும், பார்க்க மரியாதையாக இருக்கும்படி வெட்டிவிட வேண்டும் என்றும் சொன்னான். சண்முகவேல் துணியைப் போர்த்தி, வலது பக்கம் பிடரியிலிருந்து காதுவரை மிஷின் ஓட்டினார்.

பெஞ்சில் சௌந்தரபாண்டியன் என்ற பருத்தித் தரகர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திருச்சுழிப் பக்கம் அவருக்குத் தெரியாத குடும்பம் கிடையாது. கண்ணாடியில் தெரிந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ இருளாண்டி மகன் நல்லகண்ணுதானே?" என்று கேட்டார்.

அவன் ஆமாம் என்றான். சௌந்தரபாண்டியன் சண்முகவேல் பக்கம் திரும்பினார். பேப்பரை மடித்துக்கொண்டே, "என்ன சம்முகவேலு, கடைய எல்லாருக்கும் தொறந்து விட்டுட்டியா?" என்றார்.

அந்தக் காலத்தில் அவனைப் போன்ற கீழத்தெருக்காரர்களுக்கு ஊரில் எந்தச் சலூனிலும் முடி வெட்டுவதில்லை. அப்படி எங்கும் எழுதி மாட்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். சண்முகவேலும் அந்த வழக்கத்துக்குள் வளர்ந்தவர்தான். மிஷினைக் கீழே வைத்தார். துணியின் முடிச்சை அவிழ்த்தார்.

"மிஷின் சரியா ஓடல. அப்பறம் வா."

நல்லகண்ணு கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தான். ஒரு பக்கம் ஒட்ட வெட்டியிருந்தது. மறுபக்கம் முடி காதை மூடித் தொங்கியது.

"இப்படியேவா?" என்றான்.

சண்முகவேல் துணியை உதறினார். அவன் கைக்குட்டையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான்.

ஞாயிறும் திங்களும் கடையில் கூட்டம். ஒவ்வொரு தலையிலும் வலது பக்கம் மிஷின் ஓட்டும்போது அந்தப் பிடரி அவர் கண்ணில் வந்தது. அவன் வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் சாமான்களைத் தோல்பையில் போட்டு, திருச்சுழி கோயிலுக்குப் போய்வருவதாக முருகேஸ்வரியிடம் சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்தார்.

திருச்சுழிக்கு முன்பே, தார் ரோட்டிலிருந்து கரிசல் காட்டுக்குள் பிரியும் வண்டிப்பாதையில் இருந்தது, விசாரித்து வைத்திருந்த நல்லகண்ணுவின் ஊர். கீழத்தெருவுக்குள் நுழையுமுன் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். தெரிந்தவர்கள் யாரும் பஸ்ஸில் போகவில்லை. இருளாண்டி ஆட்டுக் கொட்டிலுக்குக் கருவேல முள் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வந்தவர் யார் என்று தெரிந்ததும் முள்ளைக் கீழே போட்டார். அவர் மனைவி சங்கரம்மாள் வாசலுக்கு வந்தாள்.

அன்றைக்கு விட்டதை வெட்டி முடித்துவிட வந்ததாகச் சண்முகவேல் சொன்னார். நீ என்றும் சொல்லாமல், நீங்கள் என்றும் சொல்லாமல் எப்படியோ பேசி முடித்தார்.

"மிச்சம் ஏதும் இல்லப்பா," என்றாள் சங்கரம்மாள்.

சனிக்கிழமையே இருளாண்டி பழைய கத்தி ஒன்றை வைத்து மகனுக்கு மொட்டை அடித்துவிட்டார். பழக்கமில்லாத கை, இரண்டு மூன்று இடத்தில் வெட்டுக்காயம். வேலையில் சேர்ந்த முதல் நாளே, எந்தக் கோயில் வேண்டுதல் என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். திருச்செந்தூர் என்று பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டதாம். அவள் சத்தம் போடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சண்முகவேல் திரும்பிப் போயிருக்கலாம். கால் எழவில்லை. இருளாண்டியின் முகத்தில் தாடி கன்னாபின்னாவென்று வளர்ந்திருந்தது. ஆட்டுமயிர் கத்தரிக்கும் கத்திரியால் வெட்டியது போலத் தலைமுடி படிப்படியாக இருந்தது. சவரம் செய்துவிடட்டுமா என்று கேட்டார். இருளாண்டி வெகுநேரம் யோசித்துவிட்டுக் கவிழ்த்துப் போட்டிருந்த உரலில் உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமையாயிற்றே என்று சண்முகவேல் தயங்கினார்.

"எங்களுக்கு வெட்ட ஆளு வர்ற நாளுதான் நல்ல நாளு," என்றார் இருளாண்டி.

அவர் எழுந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பொழுது சாயும்வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாரோ ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். தாகம் இல்லை என்று சொல்லிவிட்டார். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் நல்லகண்ணு வேலையிலிருந்து வந்தான். தலையில் காயங்கள் காய்ந்து கறுத்திருந்தன. தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டிருந்த சண்முகவேலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றான்.

"வெட்டுறதா இருந்தா ஒங்க கடையில வெட்டுங்க. புதன்கெழம வாரேன்," என்றான். உள்ளே போய்விட்டான்.

அவனைக் கடைக்கு வரச் சொல்லாமலே, அடுத்த செவ்வாயும் சண்முகவேல் போனார். அதற்கடுத்த செவ்வாயும். மூன்றாவது வாரம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கம்மங்கஞ்சி குடிக்க இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. அந்தத் தெருவில் அவரைத் தம்பி என்று கூப்பிட்டார்கள். கல்யாண மாப்பிள்ளைக்கு ஒருமுறை மீசை ஒதுக்கிவிட்டபோது, பெண்கள் எல்லாரும் வந்து பார்த்துச் சிரித்தார்கள். விடுமுறையை இப்படிக் கழிப்பது அவருக்குப் பிடித்திருந்தது என்பதுதான் அவரைச் சங்கடப்படுத்தியது. அவர்கள் நன்றி சொல்லும்போதெல்லாம் குனிந்து பையைக் கட்ட ஆரம்பித்துவிடுவார். மறுநாள் புதன்கிழமை. கடையில் அந்த ஆட்கள் ஒருவருக்கும் இடமில்லை. அது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

நல்லகண்ணு மட்டும் அவரிடம் தலை கொடுக்கவே இல்லை. மாதம் ஒருமுறை பஸ் ஏறி மதுரைக்குப் போய், யார் என்று கேட்காத கடை ஒன்றில் வெட்டிக்கொண்டு வருவான். செவ்வாய்க்கிழமை எதிரில் பட்டால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

கோயிலுக்குப் போகிறவர் சட்டையில் இவ்வளவு முடி எப்படி ஒட்டும் என்று முருகேஸ்வரி இரண்டாம் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் கோபப்படவில்லை. நூல் சுற்றுவதை நிறுத்தாமலே கேட்டாள்:

"ஆறு நாளு வராதன்னு சொல்லிட்டு, ஏழாவது நாளு தேடிப் போறீகளே, இது என்ன நியாயம்?"

கடையை விட்டால் பிழைப்புக்கு என்ன செய்வது என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. அது அவளுக்கும் தெரிந்ததுதான்.

நான்கு வருஷம் இப்படியே ஓடியது. நல்லகண்ணுக்கு வீரசோழன் பக்கத்திலிருந்து மாரிக்கனி என்ற பெண்ணை நிச்சயம் செய்தார்கள். அப்போது சண்முகவேலுக்கு ஒரு யோசனை தோன்றியது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவனைக் கடைக்கே வரச்சொல்லி, நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடி பார்த்து வெட்டிக்கொள்ளச் செய்தால் என்ன? சங்கரம்மாளிடம் சொன்னார். தாய் வற்புறுத்தியதால் நல்லகண்ணு வந்தான்.

கடையை மூடும் கதவுப் பலகைகளில் ஒன்றை மட்டும் கழற்றி வைத்திருந்தார். உள்ளே அரையிருட்டு. நாற்காலியைப் புதிதாகத் துடைத்திருந்தார், சந்தன சோப்புக்கட்டி ஒன்றும் வாங்கி வைத்திருந்தார். நல்லகண்ணு வாசலிலேயே நின்று அதையெல்லாம் பார்த்தான்.

"மத்தப் பலகையையும் எடுங்க. உக்காருறேன்."

சண்முகவேல் தெருவைப் பார்த்தார். எதிர்க் கடையில் ஆட்கள் இருந்தார்கள். கையைப் பலகைவரை கொண்டுபோனார். எடுக்க முடியவில்லை. நல்லகண்ணு கோபப்படவில்லை, எதிர்பார்த்தது நடந்ததுபோலத் தலையை ஆட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான். மறுநாள் மதுரைக்குப் போய் வெட்டிக்கொண்டான். கல்யாணத்துக்குச் சண்முகவேலுக்கும் அழைப்பு வந்தது. அன்று முகூர்த்த நாள், கடையில் வேலை இருந்தது. அவர் போகவில்லை.

அடுத்த வருஷம் கோடையில், இருளாண்டி கண் காட்டுவதற்காக அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்தார். அது வெள்ளிக்கிழமை. திரும்பிப் போகும் வழியில் கடை இருந்தது. உள்ளே சண்முகவேலைக் கண்டதும் முகம் மலர்ந்து படிக்குக் கீழே நின்றுவிட்டார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். நாற்காலியில் இருந்தவர் கட்டடக்காரர் காசிராஜன். அது யார் என்று அவர் கேட்டார்.

"தெரியல," என்றார் சண்முகவேல்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் இருளாண்டிக்குக் கேட்டிருக்கும். கையை இறக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் ஏதோ வேலை இருப்பவர்போல மெதுவாக நடந்து போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை போகாமலிருந்துவிடலாமா என்று சண்முகவேல் விடியும்போதே யோசித்தார். போகாவிட்டால் இனி ஒருபோதும் போக முடியாது என்றும் தோன்றியது. போனார். இருளாண்டி வழக்கம்போல உரலில் உட்கார்ந்து முகத்தைக் காட்டினார். சண்முகவேல் சோப்பு நுரை போட்டுக் கத்தியைத் தீட்டினார். பேச்சை இருளாண்டிதான் ஆரம்பித்தார்.

"வெள்ளிக்கெழம அந்தப் பக்கம் வந்தேன் தம்பி. கடையில கூட்டமா இருந்துச்சு. அதான் கூப்புடாம வந்துட்டேன்."

தன்னைக் காப்பாற்றுவதற்காக அந்த மனிதர் பொய் சொல்கிறார் என்று சண்முகவேலுக்கு விளங்கியது. கழுத்துக்கு அருகில் இருந்த கத்தியை எடுத்து, மடக்கிக் கீழே வைத்தார். நுரை காய்ந்துகொண்டிருந்தது. இருளாண்டி அப்படியே உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் சவரத்தை முடிக்க முடிந்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் அவர் கிளம்பவில்லை. நல்லகண்ணு வரும்வரை காத்திருந்தார்.

"நாளைக்குக் கடைக்கு வாங்க," என்றார். அவனை வாங்க என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எத்தன பலக தொறந்திருக்கும்?"

"எல்லாம்."

நல்லகண்ணு லீவு சொல்லிவிட்டுப் புதன்கிழமை காலையில் வந்தான். கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின் அவன் முறை வந்ததும் உட்காரட்டும் என்றுதான் சண்முகவேல் நினைத்திருந்தார். ஆனால் அவன் பெஞ்சில் உட்கார்ந்ததுமே ஒருவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இன்னொருவர் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. தன் முறைக்கு வெட்டிக்கொண்டுதான் போனார். நல்லகண்ணு நாற்காலியில் உட்கார்ந்தான். சண்முகவேல் வெட்ட ஆரம்பித்தார். காதோரம் கத்தி பட்டு ரத்தம் வந்தது. படிகாரம் தேய்த்தார். மன்னித்துவிடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். அந்தக் காயத்துக்குக் கேட்பதாக அவன் எடுத்துக்கொள்வானோ என்று தயங்கினார். தயங்கியபடியே வேலை முடிந்துவிட்டது. நல்லகண்ணு கண்ணாடியில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாரையும்போலக் கூலி கொடுத்துவிட்டுப் போனான்.

காசிராஜன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தனக்குக் கோபம் ஒன்றும் இல்லை என்றும், நாலு பேர் வந்து கேட்கிறார்கள் என்றும், ஆடி கழிந்ததும் இடத்தைக் காலி செய்து தந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். சண்முகவேல் ரோட்டோரம் தகரக் கூரை போட்ட ஓர் இடத்துக்கு மாறினார். விசைத்தறி ஓட்டுகிறவர்களும் லாரிக்காரர்களும் வந்தார்கள். பழைய வாடிக்கையில் ஒரு சிலர் கொஞ்ச காலம் கழித்து வந்தார்கள். சௌந்தரபாண்டியன் வரவே இல்லை. முதல் வருஷம் கஷ்டப்பட்டார்கள். முருகேஸ்வரி இரண்டு வீட்டு நூலைச் சேர்த்து வாங்கிச் சுற்றினாள். இதை அஞ்சு வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருந்தாலும் பட்டினி கிடந்திருக்க மாட்டோமே என்று ஒருநாள் சொன்னாள். அதைத்தான் அவரும் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

கீழத்தெருவிலிருந்து இளவட்டங்கள் கடைக்கு வரத் தொடங்கினார்கள். நல்லகண்ணு மாதாமாதம் வந்தான். மழை, தேர்தல், ஆபீஸ் விஷயம் என்று இரண்டொரு வார்த்தை பேசுவான். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

இருளாண்டி மட்டும் கடைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் டவுனுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். வழக்கம்போலக் கீழத்தெருவுக்குப் போன ஒரு செவ்வாய்க்கிழமை, இனிக் கடைக்கே வரலாமே, நாற்காலியில் சௌகரியமாக உட்காரலாமே என்று சண்முகவேல் கேட்டுப் பார்த்தார்.

"எனக்குச் செவ்வாக்கெழம போதும் தம்பி," என்றார் அவர்.

அது பிரியத்தினால் சொன்னதா, அந்த வெள்ளிக்கிழமையின் வருத்தத்தினால் சொன்னதா என்று சண்முகவேலுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை. முகத்தில் நுரையைத் தடவினார். தெருவில் இன்னும் மூன்று கிழவர்கள் காத்திருந்தார்கள்.