முதல் வகுப்பு லவுஞ்சில் இருப்புக் கொள்ளாமல்

முதல் வகுப்பு என்று எழுதிய கதவுக்குள் நான் போனது என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அதுவும் மாமி மௌத்தாகி, அவரின் அடக்கத்துக்கு ஊர் போகும் வழியில் போனது.

மாமி என்றால் என் மனைவியின் உம்மா. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போகவேண்டும். நானும் அப்படித்தான் சாய்ந்தமருதுக்குப் போனேன். வீடு மனைவியின் பெயரில். மாமியும் அதே வீட்டில். என் உம்மாவின் கையால் சாப்பிட்டதைவிட மாமியின் கையால் சாப்பிட்டதுதான் அதிகம். சண்டை பிடித்ததும் அவரோடுதான் அதிகம்.

லண்டனில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது, பார்க்கப் போயிருந்தோம். மாமிக்கு வருத்தம் கடுமை, படுக்கையை விட்டு எழும்பவில்லை என்று மச்சான், மனைவி காக்கா என்று கூப்பிடும் அவளுடைய அண்ணன், சொன்னதும் கிடைத்த டிக்கட்டில் ஏறினோம். நடுவில் ஒரு வளைகுடா நாட்டில் விமானம் மாறவேண்டும். காலையில் அங்கே இறங்கிப் போனைப் போட்டால் மச்சானின் குரல் பதிவாகிக் கிடந்தது. விடிகாலை சுபஹுத் தொழுகைக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

"நீங்க வாற வரைக்கும் குளிப்பாட்டாம வெச்சிரிக்கம். தங்கச்சி வந்து தண்ணி ஊத்தட்டும். ராவைக்கு எவ்வளவு பிந்தினாலும் பறுவாயில்ல."

இதைச் சொல்ல மச்சானுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்பது எங்கள் ஆட்களுக்குத்தான் விளங்கும். காலையில் மௌத்தானால் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு அடக்கம், மிஞ்சினால் பின்னேரம் அசருக்கு. மையத்தை, அதாவது உடலை, அடக்காமல் சுணக்குவது பெரிய குறை. அதோடு அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. ஒரு மகள் தன் உம்மாவுக்குச் செய்யும் கடைசி வேலை குளிப்பாட்டுவதுதான். வாசலைத் தாண்டினால் மிச்சமெல்லாம் ஆண்களின் பொறுப்பு. என் மனைவி ஒரே மகள். "நான் போய்க் குளிப்பாட்டணும்" என்பதைத் தவிர அவள் வேறொன்றும் சொல்லவில்லை. அழக்கூட இல்லை.

அடுத்த விமானத்தின் வாசலுக்கு ஓடினோம். அங்கே போனால் விமானத்தில் ஏதோ கோளாறாம், வேறு விமானம் பின்னேரம்தான் வருமாம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வேனில் ஊர் போய்ச் சேர அடுத்த நாள் விடிந்துவிடும்.

மனைவி அந்த வாசலிலேயே, வழவழவென்ற தரையில், அப்படியே இருந்துவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கவுண்டரில் நின்ற பெண் மனைவியின் முகத்தைப் பார்த்தாள், யாரோடோ கதைத்தாள், எங்களை ஒரு லிஃப்டில் ஏற்றி அந்தக் கதவுக்குள் கொண்டுபோய் விட்டாள். நல்ல மனசுதான். ஆனால் அப்போது எனக்கு அப்படித் தெரியவில்லை. சத்தம் போடுகிறவனுக்கு மெத்தையைப் போட்டு வாயை அடைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

உள்ளே சத்தமே இல்லை. அதுதான் முதலில் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கல்முனை பஸாரில் புடவைக் கடை வைத்திருப்பவன் நான். பஸ் ஹோர்னும் பேரம் பேசும் சத்தமும் இல்லாத பகலை நான் கண்டதில்லை. கால் வைத்தால் புதைகிற கம்பளம். ஒவ்வொரு கதிரைக்கும் ஒரு விளக்கு. ஒருவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாயைத் திறந்தபடி தூங்கினார். உலகத்தில் எங்கேயும் எவருக்கும் அவசரம் இல்லாதது போல எல்லாரும் இருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

மனைவி ஒரு பெரிய கதிரையின் ஓரத்தில், பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி ஹேண்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சாயவே இல்லை. நானோ ஓரிடத்தில் நிற்கவில்லை. கண்ணாடிக்குப் போய் விமானங்களைப் பார்த்தேன். திரும்பி வந்தேன். சாப்பாட்டு மேசைக்குப் போய் மூடிகளைத் திறந்து பார்த்தேன். பசியில்லை. ஆனாலும் ஒரு தட்டில் எதையெதையோ போட்டுக்கொண்டு வந்து மனைவிக்கு முன்னால் வைத்தேன். அவள் தொடவில்லை. மறுபடி போய் இன்னொரு தட்டு. கதிரைத் துணியைக் கைவிரலால் உரசிப் பார்த்தேன். நல்ல துணி. அந்த நேரத்திலும் மீட்டர் என்ன விலை போகும் என்று என் புத்தி ஓடியது. என் கடையிலிருந்துதான் மாமியைச் சுற்றி அடக்கும் வெள்ளைக் கபன் துணி போயிருக்கும் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

மச்சானுக்குப் போன் எடுத்து, விமானம் பின்னேரம்தான் என்றேன். அவருக்குப் பின்னால் பெண்கள் யாசீன் ஓதும் சத்தம் கேட்டது.

"மச்சான், இஞ்ச கச்சான் காத்து. வெக்கை தாங்கேலாம இரிக்கி. பள்ளிவாசல்ல இருந்தும் ரெண்டு தரம் ஆள் வந்திட்டு" என்றார்.

"ஐஸ் பெட்டி ஒண்ட எடுங்களன். கல்முனையில வாடகைக்கு இரிக்கிதானே."

"எங்கட உம்மாவப் பெட்டிக்குள்ள வைக்கச் சொல்றீங்களா?"

பழுதான சாமானுக்கு வழி சொல்வது போல சொல்லிவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அதையும் மீறி, எப்படியாவது வைத்திருக்க மாட்டார்களா என்ற நப்பாசை விடவில்லை. இந்தப் பெண் தன் உம்மாவை ஒருதரமாவது தொடவேண்டும். அதற்காக எவரோடும் சண்டை பிடிக்க நான் தயாராக இருந்தேன். சண்டை பிடிக்கத்தான் ஆளில்லை. சீருடை போட்ட ஒரு பொடியன் வந்து, சேர், உங்களுக்கு மசாஜ் வேண்டுமா என்று கேட்டான். அவனை நான் பார்த்த பார்வையில் இரண்டடி பின்னால் போய்விட்டான், பாவம்.

"தங்கச்சிக்கிட்ட கேளுங்க. வீடு அவட வீடு. அவ சொன்னாத்தான் நாங்க உம்மாவ எடுப்பம்" என்று சொல்லி மச்சான் வைத்துவிட்டார்.

நான் அதை மனைவியிடம் சொல்லவில்லை. மறுபடி கவுண்டருக்குப் போனேன். வேறு விமானம் இல்லையா, வேறு நாட்டால் சுற்றிப் போகலாமா என்று கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்து இல்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் போனேன். அப்போதும் இல்லை என்றாள். திரும்பி வரும்போது மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்க, நடந்து திரிஞ்சது போதும். காக்கா என்ன சொன்னாரு?"

சொன்னேன். ஐஸ் பெட்டியை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"மௌத்தாகி எவ்வளவு நேரமாப் போச்சு. உம்மா ஒரு நாளும் அழுக்கோட படுத்தவ இல்ல" என்றாள்.

பிறகு போனை வாங்கி அவளே அழைத்தாள். மச்சான், வீடியோவில் முகத்தைக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். குளிப்பாட்டுகிற பெண்கள் வந்துவிட்டார்கள், கிட்ட நிற்க யாரை விடுவது என்று மச்சான் இழுத்தார். ஏன் இழுத்தார் என்று எனக்குத் தெரியும். வீட்டில் இருக்கும் ஒரே சொந்தப் பெண் அவருடைய மனைவி. அந்த மதினியோடு என் மனைவி கதைத்தே இரண்டு வருசம் இருக்கும். தங்கள் மகளின் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வந்து சொல்லாமல் போனில் சொல்லிவிட்டார் என்பதுதான் கோபம். எங்கள் ஊரில் அது சின்ன விசயமில்லை. அன்றிலிருந்து பெருநாளைக்குக்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. இப்போது அவர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் மாமியின் அறைக்குள் நுழையாமல் குசினி அடுப்படியில் நின்று அழுகிறார் என்று மச்சான் சொன்னார்.

நான் நடப்பதை நிறுத்திவிட்டு மனைவியின் காலடியில் கம்பளத்தில் இருந்துவிட்டேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

"காக்கா, அசருக்கே எடுங்க" என்றாள். "போனை மதினியிட்ட குடுங்க."

குசினிக்குள் போன் போகும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் விம்மல் மட்டும்தான் வந்தது.

"அழாதீங்க மதினி. கேளுங்க. தண்ணியக் கொஞ்சம் சுட வைங்க, பச்சத் தண்ணி உம்மாக்கு ஒத்துக்காது. தலையச் சிக்கெடுக்கக்குள்ள இழுக்க வேணாம். மறுகா, இடப்பக்கம் திருப்பக்குள்ள மெதுவாத் திருப்பச் சொல்லுங்க." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "அந்தத் தோள் அவக்கு நோவு."