நாலாவது வளையம்

என்னைப் பார்த்தா புளுகுற ஆள் மாதிரியா இருக்கு? பேய்னு யாராவது சொன்னா முதல்ல சிரிக்கிறவளே நான்தான். ஆனா இது என் வீட்டுல, என் கண்ணு முன்னாடி நடந்துச்சு. போன குளிர்காலம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம்.

நான் டிரை கிளீனிங் கடையில இஸ்திரி போடுறேன். ஒரு வருஷமா யாரும் வாங்க வராத துணியை நாங்க எடுத்துக்கலாம். அப்படித்தான் மேல் அலமாரியில அந்த டஃபிள் கோட்டு கிடைச்சுது. தடிமனான கம்பளித் துணி, தலைக்குத் தொப்பி. பொத்தானுக்குப் பதிலா நாலு மரக்கட்டை, அதை மாட்ட நாலு கயிறு வளையம். என் பொண்ணுக்கு ஏழு வயசு, அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துச்சு. குளிர் வந்தாலே அவளுக்கு மூச்சு இழுக்கும். ஓசியில கிடைச்சா விடுவேனா? கோட்டோட வந்த பயணப் பையிலேயே திணிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன். தையல் மாஸ்டர் அன்னைக்கு லீவு.

பஸ்ல பை என் மடியில இருந்துச்சு. கதகதன்னு சூடு. இஸ்திரிச் சூடுன்னு நெனச்சேன். பாதி வழியிலதான் உறைச்சுது... அதை நான் இஸ்திரியே போடலை.

6.40க்கு வீடு. பொண்ணு துள்ளிக் குதிச்சுப் போட்டுக்கிட்டா. நாலு கட்டையையும் நானே மாட்டினேன். அப்புறம் காலிப் பையை மடிக்க உட்கார்ந்தேன்.

"அம்மா, கையை விடு."

"எந்தக் கையை?"

"கோட்டுக்குள்ள என் கையைப் பிடிச்சிருக்கியே..."

என் ரெண்டு கையும் பையிலதான் இருந்துச்சு. "விளையாடாதடி வாலு"ன்னு சிரிச்சேன். அவ சிரிக்கலை.

மணி 6.52.

"அம்மா... இறுக்குது."

கழட்டப் போனேன். மாட்டும்போது தொளதொளன்னு இருந்த கயிறு. இப்போ விரல் நுழையலை.

க்ரிச்... க்ரிச்...

கயிறு முறுக்குற சத்தம். அவளுக்கு மூச்சு இழுத்துச்சு. உதடு நீலமாச்சு.

கத்திரிக்கோலை எடுத்தேன்.

ஒண்ணு... ரெண்டு... மூணு...

நாலாவது, கழுத்துக்கிட்ட. கத்திரி நழுவுது. மறுபடியும் நழுவுது...

வெட்டிட்டேன்.

பொண்ணு வெளிய வந்து விழுந்தா. மூச்சு வந்துச்சு.

கோட்டு விழலை.

நின்னுச்சு...

6.55 வரைக்கும்.

மறுநாள் காலையில கோட்டைத் திரும்பப் பையில திணிச்சுக்கிட்டுக் கடைக்கு ஓடினேன். மாஸ்டர் முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு.

"இதை ஏம்மா எடுத்தே?"

"பிள்ளைக்குன்னு... வளையத்தை எல்லாம் வெட்டிட்டேன் மாஸ்டர்."

"நாலையுமா?"

தலையாட்டினேன். அவர் கயிற்றைத் தடவிப் பார்த்துட்டு மெதுவாச் சொன்னாரு. "ஒரு பிள்ளையோட சித்தி கொண்டு வந்தாங்க. அப்பவே மூணு வளையம் வெட்டிக் கிடந்துச்சு. நான்தான் புதுசா தச்சேன்."

"யாரு வெட்டினது?"

"பெத்தவ. நாலாவதை வெட்டுறதுக்குள்ள பிள்ளை போயிடுச்சாம்."