கடதாசிக்குக் காணும்

ஒஸ்லோவில் நான் குறிபார்த்துச் சுடப் பழகும் கிளப்பில், என்னைத் தவிரத் தமிழர் அவர் ஒருவர்தான். நரைத்த மீசை, முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை. மனித உருவ அட்டைகளைத் தொங்கவிட்டால் மட்டும் கைத்துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, எல்லாருக்கும் கோப்பி போடப் போய்விடுவார். சுட வந்த மனுசருக்கு என்ன கோப்பி என்று எனக்கு எரிச்சல்கூட வந்ததுண்டு.

அவர் சுடுவது முப்பத்திரண்டு என்ற சின்ன ரவை. அதன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்பார்கள். கிளப்பிலோ பாதிப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள்.

"அண்ணை, இந்தப் பழசை ஏன் இன்னும் எல்லாரும் விரும்பினம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கையை உதைக்காது, தங்கச்சி. கடதாசியில ஓட்டையும் வட்டமா, வடிவா விழும்."

"பிறகேன் காலம் முடிஞ்சுதெண்டு சொல்லினம்?"

காதுமூடியைக் கழற்றினார். "ஆளை விழுத்த இது காணாதாம். கடதாசிக்குக் காணும்தானே."

அந்த நேரம் யாரோ மனித உருவ அட்டைகளைக் கொண்டுவந்தார்கள். அவர் பெட்டியைப் பூட்டிவிட்டு எழுந்தார். ஊரில் அவர் என்னவாக இருந்தார் என்று கேட்க வாய்வரை வந்தது. என் துப்பாக்கியையும் வைத்துப் பூட்டிவிட்டு, கோப்பைகளை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.