மேனேஜர் வைத்த வடிகட்டி

ஒரு திங்கட்கிழமை காலை, பாச்சாங்கில் இருந்த எங்கள் அலுவலகத்தில் எல்லோருடைய திரையிலும் ஒரே மின்னஞ்சல். தொப்பையைக் கரைக்கும் மாத்திரைக்கு விளம்பரம். அனுப்பியவர் பெயர், எங்கள் மேனேஜருடையது. "யாரோ என் பேரைக் கெடுக்கிறான்லா!" என்று கத்தினார். கெடுப்பதற்கு அவருக்கு ஒரு பெயர் இருந்ததே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு உதிரிப் பாகம் விற்கும் கம்பெனி அது. மின்னஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொண்டவன் நான். தட்டுத் தடுமாறி நானே கற்றுக்கொண்ட வேலை. வேண்டாத விளம்பரங்களைத் தடுக்க அதில் ஒரு வடிகட்டி; வரும் கடிதத்துக்கெல்லாம் அது மதிப்பெண் போடும். முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தா, 'அவசரம்' என்று இருக்கிறதா, இலவச மின்னஞ்சல் முகவரியா, மதிப்பெண் ஏறும். அளவு தாண்டினால் குப்பை. இன்று நான் பார்க்கும் சர்வர்களில் சந்தேகமானவை தனிப்பெட்டிக்குப் போகும். ஒரு மனிதக் கண் பட்ட பிறகே முடிவு. வடிகட்டியை வைத்த அன்றே அப்படிச் செய்யலாம் என்றுதான் சொன்னேன். "குப்பையைக் கிளறவா உனக்குச் சம்பளம்?" என்றார் மேனேஜர். சத்தமில்லாமல் அழித்துவிட வேண்டும், அனுப்பியவருக்கும் தகவல் போகக்கூடாது என்பது உத்தரவு. தம் முகவரியிலிருந்து வருவதற்கு மட்டும் சோதனையே கிடையாது. முதலாளி தோரணை! அந்தத் திறந்த வாசல் வழியாகத்தான் மாத்திரைக்காரன் அவர் பெயரைப் போட்டுக்கொண்டு நுழைந்தான்.

இதோடு போயிருந்தால் சிரித்து மறந்திருப்பேன். எங்கள் கவுண்டரில் ஒப்பந்த வேலையில் ஓர் அக்கா இருந்தார். செலண்டார் பக்கத்து எஸ்டேட் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருவார். அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. வீட்டில் வேறு வருமானம் இல்லை. நிரந்தர கிளார்க் வேலை ஒன்று காலியானது. விண்ணப்பம் மின்னஞ்சலில் மட்டும்.

தோட்டத்தில் பெரிய ஆபீசுக்கு மனு எழுதுவதற்கென்று ஒரு மரியாதை உண்டு. எழுத்தெல்லாம் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். மதிப்பிற்குரிய ஐயா, அவசரம், தயவுசெய்து உதவவும், கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார், எல்லாம் வர வேண்டும். அக்காவும் அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, தம் இலவச முகவரியிலிருந்து அனுப்பினார். அவர் காட்டிய ஒவ்வொரு மரியாதைக்கும் வடிகட்டி ஒரு மதிப்பெண் போட்டு, விண்ணப்பத்தை விழுங்கிவிட்டது.

வேலைக்கு வெளியாள் ஒருவரை எடுத்த பிறகுதான் அக்கா விசாரித்தார். "நீ அனுப்பவே இல்லையேம்மா. இன்ட்ரஸ்ட் இல்லைன்னு நெனச்சிட்டேன்" என்றார் மேனேஜர். கடிதம் வந்ததும் அழிந்ததும் சர்வரில் பதிவாகியிருந்ததைக் காட்டினேன். "மெஷின் செஞ்சதுக்கு நான் என்னலா பண்றது? ஆள் எடுத்தாச்சு."

அக்கா அழவில்லை. "தெனமும் உங்க ரூம் கண்ணாடிக்கு முன்னாலதானே சார் உட்கார்ந்திருக்கேன். வரலைன்னா, கதவத் தெறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அந்த மனிதர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"கம்ப்ளெயின் இருந்தா இமெயில்ல அனுப்பும்மா" என்றார்.