மூன்றாம் மெஷினின் மணிக்கணக்கு

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு மீட்டரக்கா என்று பெயர் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. பராமரிப்புப் பிரிவில் பதினாறு வருடச் சர்வீஸ். முன்பெல்லாம் ஒன்றாம் தேதி பிறந்தால் எல்லா மெஷினுக்கும் கிரீஸ், எல்லா மெஷினுக்கும் புது ஆயில். எது எவ்வளவு உழைத்தது என்ற கேள்வியே கிடையாது. இந்தக் கண்மூடித்தனம் அவளுக்கு அறவே பிடிக்கவில்லை. மேலாளரை நச்சரித்து, ஓடிய நேரத்தை எண்ணும் சின்ன மீட்டரை ஒவ்வொரு மெஷினுக்கும் பின்னால் மாட்ட வைத்தாள். முந்நூறு மணி நேரம் ஓடினால் அரை நாள் நிறுத்திப் பிரித்துப் பார்ப்பது என்று திட்டம்.

“உங்க கணக்கை நம்பி ஒரு மிஷின் படுத்தாலும் சரிம்மா, மறுநாளே பழையபடி தேதிதான்” என்று மேலாளர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

தினமும் காலையில் ஷிப்ட் தொடங்குமுன் டார்ச்சும் கந்தல் துணியுமாக மெஷின்களுக்குப் பின்னால் குனிந்து எண்களைப் படித்து, பலகையில் எழுதுவாள். பெற்ற பிள்ளையின் மார்க்கைக்கூட அவள் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. நிறுத்துகிற அரை நாள் யார் தலையில் விழுவது என்ற சண்டை வந்தபோது, அதற்கும் அவளே ஒரு விதி போட்டாள். முந்நூறு எந்த ஷிப்டில் நிறைகிறதோ, குறைகிற பெட்டிகளும் அதனால் குறைகிற கூலியும் அந்த ஷிப்டின் கணக்கில். அதோடு சண்டை நின்றது. நியாயம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் மெஷினில் காலை ஷிப்ட் அவள் தங்கையின் வீட்டுக்காரர். எதற்கெடுத்தாலும் முணுமுணுக்கிற மனுஷன்.

“அக்கா, பேரிங் கத்துது. கொஞ்சம் பாருங்க.”

“இருநூத்திப் பன்னெண்டுதான் ஆயிருக்கு மாப்பிள்ளை. இன்னும் எம்பத்தெட்டு இருக்கு. மிஷினை விட நீங்கதான் அதிகமா கத்துறீங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனார். நான்காம் நாள் மதியம் பேரிங் இறுகி, பெல்ட் அறுந்து, மெஷின் நின்றது. பின்னால் போய்ப் பார்த்தாள். மீட்டரின் பிளக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டாள்.

“என் ஷிப்ட்ல மட்டும்தான்க்கா கழட்டுவேன். முந்நூறு அவன் ஷிப்ட்ல நிறையட்டுமேன்னுதான். போகும்போது மாட்டிட்டுத்தான் போவேன், சத்தியமா.”

மாலை ஷிப்ட்காரரைக் கேட்டாள். அவரும் அச்சுப் பிசகாமல் அதையே சொன்னார், சத்தியம் உட்பட. ஆக, இருபது நாளாக மெஷின் பாட்டுக்கு ஓடியிருக்கிறது, எண்ண நாதியில்லாமல். ஷிப்ட் மாறும் இடைவெளியில் நகர்ந்த எண்களைத்தான் அவள் தினமும் அழகாக எழுதி வந்திருக்கிறாள். எப்போதும் ஏறுகிற அளவு ஏறவில்லை என்பது தெரிந்தும் சந்தேகம் வரவில்லை. ஆர்டர் குறைவு போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

நடந்ததை மேலாளரிடம் சொன்னாள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

“இது ஆளுங்க தப்பா, திட்டத்தோட தப்பா? ஆளுங்க தப்புன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு உங்க திட்டத்தை வச்சுக்கலாம்.”

அவளுக்குத் தங்கையின் முகம் நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனால் அது மட்டுமில்லை, எந்த உறவும் இல்லாத மாலை ஷிப்ட்காரர் மீதும் அவளால் பழியைப் போட முடியவில்லை. மீட்டரை எண்ண விட்டவனுக்கு நஷ்டம், கழற்றியவனுக்கு லாபம் என்று விதி போட்டவள் அவள்தான்.

“திட்டத்தோட தப்புதான் சார். விதி நான் போட்டது.”

“அப்ப தேதிதான்.”

“சரி சார்.”

மறுநாள் காலை பலகையிலிருந்த எண்களைத் துணியால் அழித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருட எழுத்து, சுலபத்தில் போகவில்லை. மாப்பிள்ளை பின்னால் வந்து நின்றார். தன் வேலை எப்படித் தப்பியது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

“நான் அப்பவே நெனச்சேன்க்கா, இந்த மீட்டரெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராதுன்னு.”

அவள் திரும்பவில்லை.

“வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டு, காலியான பலகையில் அடுத்த மாதத்தின் ஒன்றாம் தேதியை எழுதினாள்.